சதகாக் கிளி

அந்தக் கிளியால் பறக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதன் இறகை வெட்டியவனே நான்தான். முளைக்க முளைக்க, தோல் வெட்டும் கத்தரியை எடுத்து, நகம் வெட்டுவதுபோல நறுக்கென்று வெட்டிவிடுவேன். வலிக்காது என்று விற்றவன் சொன்னான். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

என் பெயர் ஜமால். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கீழே பட்டறை, மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. அதில் நான், என் மனைவி சைனப், ஒன்பது வயது மகள் சாயிமா. கிளி பட்டறை ஜன்னலில் தொங்கும் கூண்டில் இருந்தது. சுல்தான் என்று பெயர் வைத்தவள் சாயிமா. இரண்டடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு சுல்தான் என்று பெயர் வாங்கியவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

செம்பூரிலிருந்து சாதனா என்று ஒரு பெண் மாதம் ஒரு தடவை வருவாள். என் பைகளை ஆன்லைனில் விற்பவள். வரும்போதெல்லாம் கூண்டைப் பார்த்து முகம் சுளிப்பாள். "இது பாவம் ஜமால் பாய். சட்டப்படியும் தப்பு. கிளிய வீட்ல வைக்கவே கூடாது" என்பாள். நான் சும்மா விடுவேனா? "மேடம், எங்க மூணு பேருக்கும் சேத்து ஒரே ரூம். இவனுக்குத் தனி வீடு. வேளாவேளைக்கு பச்ச மொளகா, கொய்யாப்பழம். கூண்டுல இருக்கது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்பேன். பட்டறையில் எல்லோரும் சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் அவளும் சிரித்துவிடுவாள். இப்படி வாயால் ஜெயித்தே பழகியவன் நான்.

செப்டம்பர் மழையில் சாயிமாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பிளேட்லெட் ஒரு லட்சம் இருந்தது. மறுநாள் நாற்பதாயிரம். அதற்கடுத்த நாள் பதினெட்டாயிரம். ஏற்றினார்கள், ஏற்றியதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிறுவர் வார்டில் தாய் மட்டும்தான் தங்கலாம். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் பட்டறைக்கு வந்தேன். எதையாவது தைத்தால் மனசு நிற்கும் என்று மிஷினில் உட்கார்ந்து, ஒரே தையலை மூன்று தடவை பிரித்தேன்.

ஒன்பது மணிக்கு சைனப் போன் செய்தாள்.

"நேத்து ராத்திரி பாத்ததுல பதினோராயிரமாம். மூக்குல ரத்தம் கசியுது. கூப்பிட்டா கண்ணு தொறக்க மாட்டேங்கா."

மிஷினை நிறுத்தினேன்.

"ஏங்க, கேக்குதியளா? பக்கத்துப் பெட்டுல குர்லாக்காரி ஒருத்தி இருக்கா. அவ மவனுக்கு எட்டாயிரத்துக்குப் போயிருச்சாம். அவ மாப்பிள்ள குருவி வாங்கிட்டு வந்து சதகாவா விட்டாராம். மறுநாளே ஏறிருச்சாம்."

"நானும் வாங்கி விடுதேன். இப்பமே போறேன்."

"வாங்கி விட்டா அது கடைக்காரன் அடச்சு வச்சது. நம்ம அடச்சு வச்சிருக்கது நம்ம வீட்லல்லா இருக்கு." அவள் குரல் உடைந்தது. "நீங்க அது ரெக்கைய வெட்டையில புள்ள கண்ண மூடிக்கிடுவா. உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு என்கிட்ட வந்து அழுவா. அந்தச் சீவன் நமக்காவ என்ன துஆ கேட்டிருக்கும்? விட்டுருங்க. அத விட்டுருங்க. எனக்கு எம்புள்ள வேணும்."

நோயில் கிடப்பவருக்காக ஓர் உயிரைச் சதகாவாக, அதாவது தர்மமாக, விடுவிப்பது எங்கள் ஆட்களில் பலர் செய்வதுதான். பள்ளிவாசல் இமாமிடம் கேட்டிருந்தால், நாலு ஏழைக்குச் சோறு போடுப்பா, அல்லாவிடம் துஆ கேளுப்பா என்று சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. வேறு எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை. சைனப் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கத்தரியால் வந்த வினை, என் பிள்ளை தலையில் விடிந்திருக்கிறது.

கூண்டின் கதவைத் திறந்தேன். சுல்தான் கம்பியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான். வெளியே வரவில்லை. திறந்த கதவைத் தன் அலகால் இழுத்து மூடப் பார்த்தான்.

கையை விட்டுப் பிடித்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். மழை விட்டிருந்தது. தகரக் கூரைகளெல்லாம் பளபளவென்று கிடந்தன. கைப்பிடிச் சுவரில் அவனை வைத்து, "போ, போயிரு" என்றேன். அவன் சுவரில் இப்படியும் அப்படியும் நடந்தான். வாழ்நாளில் இவ்வளவு பெரிய வானத்தை அவன் பார்த்ததில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டான். பிறகு என் சட்டையைக் கொத்திப் பிடித்து ஏறி, தோளில் வந்து உட்கார்ந்துகொண்டான். இறக்கி வைத்தேன். மறுபடியும் ஏறினான். மூன்றாம் தடவை இறக்கி வைத்தபோது, சைனப்பின் குரலில் அப்படியே, "சாயிமா, எந்திரி, ஸ்கூலு" என்றான். தினமும் காலையில் அவன் கேட்கிற வார்த்தை அதுதான். "வாய மூடு" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து சாதனா கூப்பிட்டாள். பை எப்போது தயாராகும் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளை கிடக்கிற கிடை, பதினோராயிரம், கிளியை விடப் போவது, எல்லாம்.

"ஐயோ, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது ஜமால் பாய்" என்றாள். பிறகு அவசரமாக, "ஆனா கிளிய விடாதீங்க. ப்ளீஸ். அதுக்கு இறகு இல்ல. வெளிய விட்டா அரை மணி நேரம்கூட தாங்காது. மறுபடி கூண்டுல போடுங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்ன மேடம், விளையாடுதியளா? ரெண்டு வருசமா கூண்டு பாவம், கூண்டு பாவம்னு நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னிய? இன்னைக்குத் தொறந்து விட்டா, கூண்டுல போடுங்கியளே!"

"அடைச்சது பாவம்தான். அதுக்காக இப்ப இப்படித் தூக்கி வெளிய போடறது இன்னும் பெரிய பாவம். எனக்குத் தெரிஞ்ச ரெஸ்க்யூ ஆளுங்க இருக்காங்க. பெரிய கூண்டுல வச்சு, இறகு வளர்ற வரைக்கும் பாத்து, பறக்கக் கத்துக் குடுத்து, அப்புறம்தான் விடுவாங்க. ஆறு மாசம் ஆகும். ஒரு மணி நேரம் குடுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்."

ஆறு மாதம். என் பிள்ளைக்கு இன்று சாயங்காலம் என்ன ஆகும் என்று தெரியவில்லை, இவள் ஆறு மாதம் என்கிறாள். ஒரு கூண்டிலிருந்து எடுத்து இன்னொரு கூண்டில் போடுவதற்குப் பெயர் சதகாவா? போனை அணைத்துவிட்டேன். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தேதான் அணைத்தேன். இதை எழுதும்போதாவது மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாடியில் விட்டால் அவன் கூண்டைத் தேடி இறங்கிவிடுவான் என்று தோன்றியது. மரம் இருக்கிற இடமாக விட வேண்டும். தைத்து முடித்த பை ஒன்றில் அவனைப் போட்டு, மூச்சு விட ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, பஸ் டெப்போவுக்கு எதிரே இருக்கிற இயற்கைப் பூங்கா வரைக்கும் நடந்தேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பையிலிருந்து முணுமுணுவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சாலையில் ஒருத்தன் வேடிக்கை பார்த்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று, "க்யா ஹை பாய் அந்தர்?" எனக் கேட்டான். நான் நிற்காமல் ஓடினேன்.

பூங்காவின் கம்பி வேலிக்கு உள்ளே மரங்கள் அடர்ந்து நின்றன. ஒரு கிளை வேலியைத் தாண்டிச் சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டி, அதில் சுல்தானை உட்கார வைத்தேன். பிஸ்மில்லாஹ் சொன்னேன். யா அல்லாஹ், இதை வாங்கிக்கொள், என் சாயிமாவை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறக்கும்போது அவன் போயிருப்பான் என்று நினைத்தேன்.

அவன் கிளையிலிருந்து வேலிக் கம்பிக்குத் தாவி, அலகாலும் காலாலும் பற்றிப் பற்றி இறங்கிக்கொண்டிருந்தான். என்னிடம் வருவதற்காக.

திரும்ப ஏற்றினேன். திரும்ப இறங்கினான். எத்தனை தடவை என்று தெரியாது. அவன் ஒவ்வொரு தடவையும் என் கைக்கு வந்தபோது, மேலே இருக்கிறவன் என் சதகாவைத் திருப்பி அனுப்புவதாகவே எனக்குத் தோன்றியது. சுல்தான் போனால்தான் பிள்ளை பிழைப்பாள். போகவில்லையென்றால், போகவில்லையென்றால் என்று அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. "போடா! போய்த் தொலையேன்டா! எம்புள்ளையக் கொல்லப் போறியா?" என்று நடுச்சாலையில் நின்று ஒரு கிளியிடம் கத்தினேன். தரையில் இறக்கிவிட்டு வேகமாக நடந்தேன். கோழிக்குஞ்சு மாதிரி பின்னாலேயே ஓடிவந்தான்.

செருப்பைக் கழற்றினேன். அவனுக்குப் பக்கத்தில் தரையில் ஓங்கி அடித்தேன். பயந்து ஓடட்டும் என்றுதான். அவன் ஓடவில்லை. அடுத்த அடி அவன் முதுகில் விழுந்தது. வேண்டுமென்றே அடித்தேனா, கை தவறிவிட்டதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் தள்ளாடி நின்றான். பிறகு தலையைக் குனிந்து, கழுத்து இறகைச் சிலிர்த்து, கண்ணைச் செருகிக்கொண்டு நின்றான். சாயிமா தலையைச் சொறிந்துவிட வந்தால் அப்படித்தான் நிற்பான். அந்தத் தலையைச் சொறிந்துவிட்டிருக்கலாம். திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம்.

வேலியின் மேல் இரண்டு காகங்கள் வந்து உட்கார்ந்தன. நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குனிந்து அவனை அள்ளினேன். அவன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து வேலிக்கு மேலே, உள்ளே வீசினேன். அவன் வெட்டிய இறகை விரித்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பறக்கிறான் என்றே நினைத்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த கணம் புல்லுக்குள் விழுந்தான். இரண்டு காகம் நான்காயிற்று, நான்கு பத்தாயிற்று. அவன் கத்தினான். வேலியில் ஏறப் பார்த்தேன். மழையில் கம்பி வழுக்கியது. மேலே இருந்த முள்கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. கீழே விழுந்தேன். நான் எழுவதற்குள் அவன் சத்தம் நின்றுவிட்டது.

அப்போது போன் அடித்தது.

"ஏங்க!" சைனப் அழுதுகொண்டே சிரித்தாள். "ஏறிருச்சு! முப்பத்தாறாயிரம்! கண்ண முழிச்சிட்டா, தண்ணி கேட்டுக் குடிச்சா. டாக்டரு வந்து, இனிப் பயமில்லன்னுட்டாரு. அல்லா உங்க சதகாவ ஏத்துக்கிட்டாங்க!"

நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். மூச்சு வந்ததும், "எப்ப எடுத்த ரத்தம்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"காலையில ஆறு மணிக்கு எடுத்தாங்க. லேப்ல மிஷினு மக்கர் பண்ணிருச்சாம், ரிப்போர்ட்டு இப்பந்தான் வந்திச்சு. நீங்க எப்ப விட்டிய?"

மணி பதினொன்று ஆகியிருந்தது. ஆறு மணிக்கு அவன் கூண்டில்தான் இருந்தான். "நீ சொன்னதுமே" என்றேன்.

"நல்லாப் பறந்து போச்சா?"

"போச்சு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "புள்ளகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. முழிச்சதுலயிருந்து அவனத்தான் கேக்கா. நீங்களே பக்குவமா ஏதாச்சும் சொல்லுங்க. இந்தா குடுக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"வாப்பா." பஞ்சுபோலக் குரல். இரண்டு நாளாக இந்தக் குரலைக் கேட்பதற்காகத்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன். "சுல்தான்கிட்ட போன வைங்க வாப்பா. நான் பேசணும்."

பக்குவமாக என்ன சொல்வது? எழுந்து, போனை வேலிக் கம்பியின் பக்கம் நீட்டினேன். புல்லுக்குள் காகங்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. பிள்ளை அங்கே பேசுவது எனக்கு மெலிதாகக் கேட்டது. நாளைக்கு வந்துவிடுவேன், கொய்யாப்பழம் தருகிறேன் என்றாள். பிறகு, "வாப்பா, வாப்பா" என்று கூப்பிட்டாள். போனைக் காதில் வைத்தேன்.

"காக்கா சத்தமா கேக்கு. அவன வெளியவா வச்சிருக்கிய?"

"ஆமாம்மா."

"காக்கா கொத்திரும் வாப்பா. சீக்கிரம் தூக்கிக் கூண்டுல விட்டு, கதவ நல்லா அடச்சிருங்க."

"சரிம்மா" என்றேன்.