அடுப்பு வாயின் உயரம்

மே பதினேழு, வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகமில்லை, காலை எட்டரைக்கே முப்பத்தாறு டிகிரி என்று வானொலிக்காரன் பரிசு விழுந்ததைப்போல அறிவித்தான்... முப்பத்தாறெல்லாம் ஒரு சூடா, பதினொரு வருடமாக ரொட்டி அடுப்பின் முன் நிற்கும் என்னிடம் வந்து சொல்லட்டும் என்று நெஸ்தோர் நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் மணிலாவின் அந்தப் பெண் மருத்துவரின் குரல் குறுக்கே வந்து விழுந்தது, அடுப்பு வாய் உங்க இடுப்புக்கு நேரா இருக்குமா சார், சிரிக்காமல் கேட்டாளே, என்ன கேள்வி அது, ஒரு ஆண்பிள்ளையிடம் கேட்கக்கூடிய கேள்வியா? விந்து உருவாக உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி வேணும், அதனாலதான் இயற்கை அதை வெளிய வெச்சிருக்கு, நீங்க அதைத் தினமும் அடுப்புல காட்டுறீங்க, மூணு மாசம் தள்ளி நில்லுங்க, மறுபடி சோதிச்சுப் பார்ப்போம்... தள்ளி நிற்பதாம். கடையின் முதல் அடுப்புக்காரன், நீண்ட மரத்துடுப்பைச் சுழற்றி ஒரே வீச்சில் நாற்பது பான்தேசால் ரொட்டிகளை உள்ளே இறக்குகிறவன், தள்ளி நின்று என்ன செய்வான், புதிதாக வந்தவர்களோடு மாவு பிசைவானா? சோதனைத் தாள் பதினாறு நாளாகக் கால்சட்டைப் பையில் கிடக்கிறது, எண்ணெய்த்தாளில் பொதிந்து, எட்டாய் மடித்து. எரிக்கவும் கை வரவில்லை, காட்டவும் வாய் வரவில்லை.

ஒபாந்தோ ஊரின் திருவிழா வீதியில் மூங்கில் வாத்தியங்கள் முழங்கின. புனித பாஸ்குவாலின் தேருக்கு முன்னே பிள்ளை வேண்டுகிறவர்கள் இரு கைகளையும் உயர்த்தி ஆடிக்கொண்டே போனார்கள். வேண்டுகிறவர்தாம் ஆடவேண்டும், அதுதான் வழக்கம். மரிவிக் நான்காவது வருடமாக ஆடுகிறாள், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவன் நடைபாதையில் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான், புருஷன்மாரும் ஆடுகிறார்கள்தான், ஆடட்டும், குறையுள்ளவன் ஆடட்டும்... குறை என்றதும் கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. பக்கத்தில் அம்மா சலூத், விசிறியால் வெயிலை அறைந்துகொண்டே கத்தினாள்: “ஏய் மரிவிக், இடுப்பை அசைடி! புனிதர் என்ன குருடரா, சும்மா நடந்தா புள்ள குடுத்துருவாரா?” பிறகு அவன் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில், “நாலு வருஷமா ஆடுறா, ஒரு புழு பூச்சி உண்டா? நான் அப்பவே சொன்னேன், கேட்டியாடா? தரிசைக் கட்டிக்கிட்டு அழுவுற.”

வாயை மூடும்மா, தரிசு நான்தான், உன் வயிற்றில் பிறந்தவன்தான்... சொல்லவில்லை. சொல்லாததற்கு அம்மாவைத்தான் வெறுத்தான், பிறகு அந்த மருத்துவரை, பிறகு பூமாலைக்குள் பொம்மையாய்ச் சிரிக்கும் புனிதரை. கடைசியில் மரிவிக்கையும் வெறுத்தான், அம்மா எத்தனை பேசினாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் ஆடுகிறாளே, அந்தப் பொறுமை யாரை அடிக்கிறது? அண்மையில் அவள் செய்வதெல்லாம் எரிச்சல்தான். கேட்காமலே சந்தையிலிருந்து நான்கு தொளதொள அரைக்கால்சட்டை, இறுக்கமான ஜீன்ஸ் எங்கே என்றால் துவைக்கப் போட்டிருக்கிறதாம், மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்தாள். போதாக்குறைக்கு முதலாளி வேறு போன வாரம் ஒருநாள், நெஸ்தோர், கொஞ்ச நாள் மாவுப் பலகைக்கு வர்றியா, என்று இளித்தார், துடுப்பைத் தரையில் எறிந்துவிட்டுக் கேட்டான், “என்ன தப்புப் பண்ணேன், சொல்லுங்க!” அவர் கல்லாவுக்குப் போனார்.

தேர் ஒரு திருப்பத்தில் நின்றது. மரிவிக் மூச்சிரைக்க அவனிடம் வந்தாள், தண்ணீரை வாங்கிக் குடித்தாள். அம்மா மீண்டும் தொடங்கினாள்: “என்ன, அதுக்குள்ள களைப்பா? நான் இவனைச் சுமந்துக்கிட்டே...”

“அத்தை, நீங்க கொஞ்சம் நிழலுக்குப் போங்க,” என்றாள் மரிவிக், இத்தனை வருடத்தில் முதல்முறையாக. பிறகு அவள் அவன் கண்ணைப் பார்க்காமல், கால்சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னாள்: “அதை வேர்வைல நனைச்சுராத. மடிப்புல ஏற்கெனவே கிழிய ஆரம்பிச்சிருச்சு.”

குடையை அவன் கையிலிருந்து வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மடிப்பில்... பிரித்துப் பார்த்தவளுக்கல்லவா மடிப்பு தெரியும்? எப்போது? அப்படியானால் அந்த அரைக்கால்சட்டை, அந்த மின்விசிறி, முதலாளியின் அந்த இளிப்பு... யார் போய்க் கேட்டது, என்ன சொல்லிக் கேட்டாள், எவ்வளவு சொன்னாள்? குடையில்லாத தலையில் வெயில் இறங்கியது. வாத்தியங்கள் மறுபடி எழுந்தன, அவள் கைகளை உயர்த்தினாள், சென்ற வருடங்களைப்போல வயிற்றைத் தொட்டுக் கும்பிடவில்லை என்பதை அவன் இப்போதுதான் கவனித்தான். வேண்டுகிறவர்தாம் ஆடவேண்டும் என்றால், காலையிலிருந்து இவள் யாருக்குப் பதிலாக ஆடிக்கொண்டிருக்கிறாள்?

“என்னடா சொல்லிட்டுப் போறா அவ? எதுடா கிழிஞ்சிருச்சு?” என்றாள் அம்மா.

அவன் ஒரு காலை நடைபாதையிலிருந்து வீதியில் இறக்கினான், தார் செருப்பைச் சுட்டது, மற்றக் கால் மேலேயே நின்றது, அது இறங்குவதற்குள் தேர் கோயிலுக்குள் நுழைந்தது, வாத்தியங்கள் ஓய்ந்தன. மணி ஒன்பது நாற்பத்தொன்று.