அடிபிடித்த பருப்பு

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் இலஞ்சி நாறும்பூநாதன் மகளுக்குக் கல்யாணம். சமையல் பொறுப்பு குற்றாலிங்கத்துக்கு. ஒரு காலத்தில் அவர் கை ஒழிந்திருக்கும் நாள் பார்த்து முகூர்த்தம் வைத்தவர்கள் தென்காசியில் உண்டு. பிறகு கள்ளச்சாராயம், மதுவிலக்குக் கேஸ், மூன்று மாத ஜெயில். வெளியே வந்து பத்து மாதமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. அதை நம்பித்தான் நாறும்பூநாதன் வெற்றிலை பாக்கு வைத்தார்.

மூன்று அடுப்பும் எரிந்தன. பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது பாயசத்துக்கான பால் பொங்கிற்று. அங்கே ஓடினார். பாலைக் கிண்டுகையில், அவியலுக்குத் தேங்காய் அரைக்கச் சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. சொல்லப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அம்மிப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு வேலையும் கைக்குத் தெரியும். எதற்கு அடுத்து எது என்பதுதான் தலையில் நிற்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

கருகல் வாடை பந்தல்வரை போயிற்று. நாறும்பூநாதன் வந்து பருப்பு அண்டாவைப் பார்த்தார்.

"என்னவே, மறுபடியும் போட்டாச்சா?"

குற்றாலிங்கம் சற்று யோசித்தார்.

"ஆமா," என்றார்.

கூட வேலை பார்த்த சங்கரபாண்டி அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டான்.

அவர் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது. வாசலிலேயே மனைவி செண்பகவல்லி மறித்து வாயருகே முகர்ந்தாள். ஒரு வாடையும் இல்லை.

"குடிக்காமயே ஏன் குடிச்சேன்னு சொன்னிய?"

"குடிகாரன்னா, தெளிஞ்ச பெறவு கூப்பிடுவான். மூள கெட்டுப் போச்சுன்னா எவன் கூப்பிடுவான்?"

அவள் விலகி வழிவிட்டாள்.

"நாள் போனா சரியாயிரும்."

"பத்து மாசம் போயிட்டே, செம்பவம்."

அந்த வருஷம் வேறு யாரும் கூப்பிடவில்லை. தை மாதம் செண்பகவல்லியே சங்கரபாண்டி வீட்டுக்குப் போய் அவருக்கு வேலை கேட்டாள். ஆய்க்குடிக் கல்யாணத்துக்கு அவன் அழைத்துப் போனான். "அண்ணாச்சி, நீங்க தேங்காய மட்டும் துருவுங்க," என்றான். குற்றாலிங்கம் நூற்றிருபது தேங்காய் துருவினார். ஒன்றில்கூட ஓட்டுத்தூள் விழவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.