கணினியில் உடையாத கொக்கி

பாரம் தூக்கும் கொக்கிகள் செய்யும் கம்பெனி அது. எந்தக் கொக்கி எவ்வளவு பாரத்தில் உடையும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. இழுக்க இழுக்க அவை பெரிதாகும், பக்கத்துத் துளையோடு சேர்ந்துகொள்ளும், கொக்கி பிளந்துவிடும். அந்தத் துளைகளை நுண்ணோக்கியில் அளந்து கணக்கில் சேர்த்திருந்தாள். ஆபீசில் அவளுக்குப் பெயர் ‘ஓட்டை மேடம்’.

நிர்வாகி அவளுடைய அக்கா வீட்டுக்காரர்தான். வீட்டில் அத்தான், ஆபீசில் சார். அவளுடைய அறிக்கையைப் புரட்டிப் பார்த்தவர் அதை மேஜையில் போட்டார்.

“என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை? கத்திரிக்கா விக்கிறவன் சொத்தை சொத்தைன்னா கூவுவான்?”

“அந்த ஓட்டையாலதான் சார் கொக்கி உடையுது.”

“அப்ப எடுத்துடு. ஒரு பட்டனைத் தட்டினா போச்சு.”

சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிருந்தது அவளுக்கு. தட்டினாள். துளைகள் பூஜ்ஜியம். திரையில் கொக்கி சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போனது, உடையவே இல்லை.

“இது நிஜமில்ல சார்.”

“பார்க்க எவ்வளவு அழகா இருக்கு பாரு!” என்றார் அவர்.

அதற்குப் பின்னணி இசை சேர்த்து, வாடிக்கையாளரான துறைமுக என்ஜினியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த அம்மாள் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார்.

“உடையவே உடையாதா?”

“உடையவே உடையாதுங்க!”

“ரொம்ப சந்தோஷம். உடைஞ்சா நானே பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

நிர்வாகி ஒரு நிமிஷம் என்று வராந்தாவுக்கு ஓடி, மைத்துனிக்குப் போன் போட்டார்.

“ஏம்மா, அந்த ஓட்டையெல்லாம் எங்க? உடனே திருப்பிப் போடு!”

“எவ்வளவு சார் போடட்டும்?”

“முன்ன போட்டதுல பாதி. கொஞ்சம் பார்த்துப் போடு.”

அவளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “அத்தான், இது சமையலுக்கு உப்பு இல்ல. அளந்தது அளந்ததுதான். பாதி வேணும்னா நீங்களே போடுங்க, கையெழுத்தையும் சேர்த்து.”

மறுமுனையிலிருந்து “முழுசாவே அனுப்பு” என்று ஈனஸ்வரத்தில் வந்தது.

என்ஜினியர் அறிக்கையை வரி விடாமல் படித்து, கழுத்தில்தான் முதலில் பிளக்கும் என்று கண்டு, கழுத்து தடித்த கொக்கியாகக் கேட்டு ஆர்டர் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் நிர்வாகி எழுந்து நெஞ்சை நிமிர்த்தினார். “நம்ம கம்பெனியில ஒளிவுமறைவே கிடையாது! ஓட்டையைக்கூட அளந்து காட்டுவோம். இது என் கொள்கை!”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முகத்துக்காக அவளும் தட்டினாள். கை வலிக்கிற அளவுக்கு இல்லை.