கேள்விக்கு விட்ட இடம்

பதில்களையெல்லாம் முதலிலேயே பதிவு செய்துவிட்டு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேள்விகள் என் தலையில் விழுந்தன.

எங்கள் இருவருக்கும் குரல்தான் பிழைப்பு. பழைய சாஸ்திரங்களில் வரும் குரு, சீடன் உரையாடல்களை எளிய தமிழில் எழுதி ஒலிப்புத்தகமாக வெளியிடுகிறார் ஒரு பதிப்பாளர். எல்லாக் குருவும் என் வீட்டுக்காரர், எல்லாச் சீடரும் நான். வழக்கமாக ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். இந்த முறை நான் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டேன். அவர் தனியாக உட்கார்ந்து, என் கேள்விகளுக்கு இடம் விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் படித்து வைத்தார். நான் திரும்பி வந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இதயம் தாங்காது என்று அவரிடம் எப்போதோ சொல்லியாகிவிட்டதாம். டாக்டர் அதை என்னிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

நான் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அழுகை வந்தால் அழமாட்டேனா? மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் நகர்ந்தன. வேலை பாக்கி இருந்தது, வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பதிவு அறையில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர். நிதானம் அதிகம் என்பதால் என் வீட்டுக்காரர் அவருக்கு வைத்த பெயர் ஆமை.

காலையிலிருந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேரோட்டியிடம் கேட்கும் வீரன் நான். மரணத்தின் வீட்டில் பட்டினி கிடந்து மரணத்திடமே கேட்கும் பையன் நான். உப்புக் கரைந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்கும் மகனும், சபை நடுவில் ஞானியை மடக்கி மடக்கிக் கேட்கும் பெண்ணும் நானேதான். தாடி வைத்தவர்தான் குரு என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டுகிறவர், அப்பா, சாவு என்று யார் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆமை கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் ஒரே ஆள் மாதிரி கேக்குறாங்க. பஸ் எப்ப வரும்னு விசாரிக்கிற மாதிரி இருக்கு."

"என்ன பண்ணச் சொல்றீங்க தம்பி? இருக்கறதுதானே வரும்."

"பதிப்பாளர் போன் பண்ணாரு. இன்னிக்கும் சரியா வரலேன்னா, வேற ரெண்டு பேர வச்சு மொதல்லேர்ந்து பண்ணிடலாங்குறாரு."

"அவரோட பதிலையுமா தூக்கிடுவாங்க?"

"ஆமாக்கா. அண்ணனோடதையும்தான்."

பழைய ஒலிப்புத்தகங்களில் என் வீட்டுக்காரரின் குரல் இருக்கிறதுதான். ஆனால் இதுதான் கடைசிக் குரல். அது போய்விடும் என்று தெரிந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஓர் உரையாடல். வீட்டை விட்டுக் காட்டுக்குப் போகப்போகும் கணவன், சொத்தைப் பிரித்துத் தருகிறேன் என்று மனைவியைக் கூப்பிடுகிறான். இதை வைத்துக்கொண்டு சாவைத் தாண்ட முடியுமா என்கிறாள் அவள். முடியாது என்கிறான். அப்படியானால் இது எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டு அவள் கேட்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள்."

கேட்டேன். பஸ் எப்ப வரும்.

ஹெட்போனில் அவருடைய பதில் வரவில்லை. வீட்டில் நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் சொல்கிற மனுஷன் அவர். சொல்வதில் பாதி தப்பாக இருக்கும். இந்தப் பதிவிலும் அப்படித்தான், கஞ்சத்தனமாக இடம் விட்டிருந்தார். மூச்சு முட்ட ஓடி ஓடித்தான் ஒவ்வொரு கேள்வியையும் முடித்தேன். இங்கே மட்டும் இடம் நீண்டுகொண்டே போனது. அவர் மூச்சு விடுவது கேட்டது. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு, எழுத்தில் இல்லாத ஒன்றை, எதிரே நான் இருப்பதுபோலச் சொன்னார்.

"கேட்டு முடிச்சிட்டியா?"

"இல்ல," என்றேன். குரல் என்னை மீறி வந்தது. "தெரிஞ்சிருந்தும் ஏன் எங்கிட்ட சொல்லல? வீட்டுலதானே இருந்தேன்? ஏன் சொல்லல?"

ஆமை ஒலியை நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு என்னோடு பேசும் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா... மன்னிச்சுக்கோங்க. இந்தக் குரல்தான். இதே குரல்ல அந்த வரியச் சொல்லிடுங்க."

ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னேன்.

"உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள்."

ஆமை கட்டைவிரலை உயர்த்திவிட்டு, என் கேள்வியையும் சேர்த்து மீண்டும் ஓடவிட்டார். இந்த முறை அவர் விட்டிருந்த நீண்ட இடம் என் கேள்விக்குச் சரியாக இருந்தது.

"என் பக்கத்தில் வந்து உட்கார். சொல்கிறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னார். இருமலை அடக்கிக்கொண்டு, ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னார். எல்லாம் உரையாடலில் வரும் அந்த மனைவிக்கு.