துடைப்ப வேலை

திருமழிசைக்குப் பின்னால், எத்திராஜின் நிலம் போன இடத்தில், ஆழத்தில் பாறையைக் குடைந்து, உள்ளே இரும்புத் தகடு போர்த்தி, ஹைட்ரஜன் வாயுவை அடைத்து வைத்திருந்தார்கள். நிலம் கொடுத்ததற்கு அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. குகையிலிருந்து மேலே வரும் குழாய்களை ஒட்டி, நீளக் கழியில் கட்டிய காய்ந்த துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடக்க வேண்டும். அந்த வாயு கசிந்து பற்றிக்கொண்டால் புகை வராது, வாடை வராது, பகலில் தீயே கண்ணுக்குத் தெரியாது. துடைப்பம் எரிந்தால்தான் தெரியும். தீயைக் காட்டும் கருவி பழுது, புதுசு வரும்வரை இப்படித்தான் என்றார்கள். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் கஜபதி ஓட்டிக்கொண்டே இருப்பான்.

"இன்னா அண்ணாத்தே, நம்ம தெருவுக்கு எப்ப வர்ற? குப்பை அப்டியே கீது."

எத்திராஜ் வீட்டில் ஆபரேட்டர் என்றுதான் சொல்லியிருந்தான். மகள் லாவண்யாவுக்கு நிச்சயம் பேசியபோதும் அதையேதான் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அப்பா மணவாளன், கரையான்சாவடிக்காரர், கம்பெனி வேலையா என்று கேட்டுத் தலையாட்டினார்.

அந்த மணவாளன் ஒரு நாள் உச்சி வெயிலில் கம்பிவேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றிருந்தார். இவனைப் பார்த்துக் கையசைத்தார். எத்திராஜ் துடைப்பத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டியபடியே குழாயோரம் நடந்தான். கை எரிந்தது. எது எரிக்கிறதென்று பார்த்தால் ஒன்றுமில்லை. சட்டை பற்றிய பிறகுதான் கத்தினான்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் கேமரா பதிவைப் போனில் காட்டி, முன்னால் பிடி என்று சொல்லித்தானே விட்டோம் என்றார். தப்பு இவனுடையது, இனி வர வேண்டாம். மனைவி தாட்சாயிணி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமல், எதுக்கு மறைக்கணும் என்று கேட்டாள்.

மறுநாள் மணவாளன் சாத்துக்குடியோடு வந்தார். கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று தாட்சாயிணி ஆரம்பித்தாள். அவர் அதைக் காதில் வாங்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. நான் இருந்த கம்பெனிய மூட்டானுங்க. ஊட்ல இன்னும் சொல்லல, தெனம் கெளம்பி வந்துகினு கீறேன். உங்க எடம் காலிதான? ஒரு வார்த்தை சொல்லி உடுங்களேன்."

"தொடப்பம் புடிக்கிற வேலைங்க," என்றான் எத்திராஜ்.

"தெரியுமே. வேலியாண்ட நின்னு பாத்துகினுதான போறேன்."

எத்திராஜ் சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னான். மணவாளன் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, நம்பரும் கேட்டார்.