ஆறுமணிக்குருவிக்குத் தெரிந்த குரல்

மூஸா இருபத்திரண்டு வருஷம் துபாயில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் மே மாதம்தான் ஊருக்கு வர லீவு கிடைக்கும். காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவும் ஆறுமணிக்குருவியோ ஐப்பசியில் காயல்பட்டினத்துக்கு வந்து, சித்திரை பிறக்குமுன் வடக்கே போய்விடும். அதனால் மனைவி நஃபீசா அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஒம்பது நெறத்துல குருவியா? நீ நல்லாக் கதை விடுதே" என்று போனில் கிண்டலடிப்பார்.

அவளும் லேசில் விடவில்லை. அவள் போனில் எடுத்த படங்களிலெல்லாம் குருவி வெறும் மங்கலாகத்தான் தெரிந்தது. "நல்ல கேமரா வாங்கிட்டு வந்து நீங்களே ஒரு படம் எடுத்துத் தாங்க மச்சான்" என்றாள். மனுஷன் கேமராவை வாங்கிவிட்டார், வரத்தான் நேரமில்லை. போன ஜூலையில் நஃபீசா மவுத்தாகி அடக்கமாகிவிட்டாள்.

வேலையை உதறிவிட்டு வந்து, இப்போது அவள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். தரையெல்லாம் சருகு.

"அது சருகைக் கிளறித்தான் புழு தின்னும் வாப்பா. இந்த மாசத்துல உம்மா வாரியலத் தொட்டுக் கூட்டவே விடமாட்டாஹ" என்றாள் மகள் லுப்னா.

மூன்று நாளாகக் குருவி செடி மறைவில் கூவியதே தவிர வெளியே வரவில்லை. நான்காம் நாள், நஃபீசா எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டு, போனைப் பின்வாசல் படியில் வைத்தார். முதலில் குருவி கூவும். அப்புறம் அவள் பேசுவாள். அவள் போனதிலிருந்து அந்த இடம் வருமுன்னே நிறுத்திவிடுவார், கேட்கத் தெம்பில்லை. இன்று இரண்டு கையிலும் கேமரா, நிறுத்தக் கை ஒழியவில்லை.

கூவல் கேட்டதும் குருவி தத்தித் தத்தி வந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

"கேட்டீங்களா மச்சான்? நீங்க வாரதுக்குள்ள இது போயிரும்" என்றது போன்.

ஆள் குரலுக்குப் பறந்திருக்க வேண்டிய குருவி பறக்கவில்லை. படிக்கு இன்னும் பக்கத்தில் வந்து, கதவைப் பார்த்து நின்றது. மூஸா ஒரே ஒரு படம் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது சருகுக்குள் போய்விட்டது.

லுப்னா படத்தை வாங்கிப் பார்த்தாள். "உம்மாவத் தேடுது வாப்பா. தெனமும் இந்நேரம் அந்தப் படியில உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாஹ."

"யாருட்ட?"

"இதுட்டதான்."

இந்த வீட்டில் தான் இருந்த மாதங்களை மூஸா கூட்டிப் பார்த்தார். பன்னிரண்டுகூடத் தேறவில்லை. குருவி வருஷத்துக்கு ஆறு மாதம் இருந்திருக்கிறது.

"ஏளா லுப்னா, இதுக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவள எனக்குத் தெரியாதே" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.