வேலந்தாவளத்தில் மறித்த வண்டி

கமலாத்தாளின் குழந்தை இறந்த பிறகுதான் மாரப்பன் ஆட்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினான். அதற்கு முன் அவன் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, அர்த்தநாரிப் பண்ணாடியின் வயலில் ஏர் ஓட்டுகிற ஆள், அவ்வளவுதான்.

அன்று நடவு. கமலாத்தாள் கைக்குழந்தையை வரப்பில் படுக்கவைத்து, மேலே பனையோலைக் குடையைச் சாய்த்துவிட்டு வயலில் இறங்கியிருந்தாள். மழையோடு கணவாய்க் காற்றும் சேர்ந்து அடித்ததில் குடை பறந்து அடுத்த வயலில் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்டாள். பிடித்த நிரையை முடித்துவிட்டு ஏறு என்றார் பண்ணாடியின் காரியஸ்தர். நிரை முடிவதற்குள் பிள்ளை நனைந்து விறைத்துப்போயிருந்தது. அந்த வாரமே காய்ச்சலில் போய்விட்டது. குழி வெட்டியவன் மாரப்பன்.

சங்கம் என்ற சொல் அப்போது அந்தப் பக்கம் புதிது. கோயமுத்தூர் மில்லில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய கருப்புசாமிதான் அதைக் கொண்டுவந்தான். ஆனால் ஆட்கள் சேர்ந்தது மாரப்பனை நம்பி. குழந்தைகளுக்கு வரப்பில் ஓர் ஓலைக்கொட்டகை வேண்டும், பிள்ளை அழுதால் தாய் ஏறிப்போகத் தடை இருக்கக் கூடாது. இரண்டே கோரிக்கைகள். பண்ணாடி கோபப்படவில்லை. இன்று பிள்ளைக்கென்று கொடுத்தால் நாளைக்கு வேறு எதற்காவது வந்து நிற்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்த நடவுக்கு யாரும் வயலில் இறங்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிப் பழுக்கத் தொடங்கியது. குடிசைகளில் கீரையும் வயல் நண்டுமாகப் பொழுது போயிற்று. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பண்ணாடி இறங்கிவந்துதான் ஆக வேண்டும் என்று மாரப்பன் ஒவ்வொரு குடிசையாகப் போய்ச் சொன்னான். அவனுக்கே அந்த நம்பிக்கை இருந்தது.

அப்போதுதான் பண்ணாடி நடவுக்குக் கிழக்கிலிருந்து ஆள் வரவழைக்கிறார் என்று சேதி வந்தது. அங்கே மழை பொய்த்து இரண்டு வருஷம். மாரப்பனும் கருப்புசாமியும் பத்துப் பேரோடு, அவர்கள் வரும் வழியிலுள்ள வேலந்தாவளத்துக்குப் போய்ச் சாலையில் நின்றார்கள். வருகிறவர்களும் கூலிக்காரர்கள்தானே, எடுத்துச் சொன்னால் திரும்பிவிடுவார்கள் என்று மாரப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

முதல் வண்டி வந்ததும் கருப்புசாமி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினான். வண்டிக்குள் மாரப்பனின் தங்கை ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். கிழக்கே கட்டிக்கொடுத்த பெண். முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு வற்றியிருந்தாள். மடியில் கிடந்த குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே.

அவன் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னான். வரப்பில் நனைந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னான். ராமாத்தாள் முழுவதையும் கேட்டாள்.

"நீங்க திரும்பிப் போன்னு சொன்னாப் போயர்றனுங்கண்ணா," என்றாள். "போயி என்ன பண்றதுன்னும் நீங்களே சொல்லிப்போடுங்க."

பின்னால் மற்ற வண்டிகளும் வந்து நின்றுவிட்டன. எல்லோரும் மாரப்பன் முகத்தையே பார்த்தார்கள்.

"கயித்த உடு, கருப்புசாமி," என்றான்.

கருப்புசாமி கயிற்றை விட்டான். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின.

ஊர் திரும்பியதும் நேராகக் கமலாத்தாளிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"எம்பட பிள்ளைக்காக நின்னீங்க. அந்தப் பிள்ளைக்காக ஒதுங்கிட்டீங்க. நா என்னன்னு சொல்றதுங்க?" என்றாள்.

மறுநாளே ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கமலாத்தாளும் போனாள். கருப்புசாமி மட்டும் மாரப்பனிடம் வந்து, தானும் வேலைக்குப் போவதைத் தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனான். பண்ணாடி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார், மாரப்பனைத் தவிர. அவனை அடிக்கவோ வையவோ இல்லை. அவனுக்கு வேலை இல்லை, அறுப்பு முடிந்ததும் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் காரியஸ்தர் வந்து சொன்னார்.

நடவு முடிந்து கிழக்கே திரும்புமுன் ராமாத்தாள் குடிசைக்கு வந்தாள். கூலி நெல்லில் ஒரு பங்கை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். மாரப்பன் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொண்டு போ அம்முணி என்றான். அவன் மனைவி முறத்தைக் கொண்டுவந்து நீட்டி நெல்லை வாங்கிக்கொண்டாள். உலக்கைச் சத்தம் ஓயும்வரை அவன் வெளியே நின்றிருந்தான். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டான். பசிதான் பெரிதாக இருந்தது.

அறுப்புக்குப் பிறகு சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். போன ஊரிலெல்லாம் அவன் கூலிக்காரர்களைக் கூட்டிப் பேசினான். உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு, வேறு ஊர் ஆள் வண்டியில் வந்து இறங்கினால் என்ன செய்வது என்று யாராவது ஒருவர் கேட்பார். மாரப்பன் ராமாத்தாளைப் பற்றிச் சொல்லுவான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்துவிடும்.